வந்துகொண்டிருக்கும் பந்து

எங்கள் ஊர் உப்போடையில் முத்துப்பேச்சி வீசிய பந்து பாதி வழியில் அந்தரத்தில் நின்ற அன்று யாரும் அலறவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, வேப்பிலை தேடி ஓடவும் இல்லை. ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்திருந்த நான் முழங்கால் வலிக்கிறதே என்று எழுந்து நின்றேன், அம்பயர் அருளப்பன் பந்துக்குப் பக்கத்தில் போய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டு பவுண்டரிப் பக்கம் திரும்பி, "ஏல, ஆளுக்கொரு டீ சொல்லுங்கடே" என்றார்.

நான் சுயம்பு, உப்பு லாரியில் லோடுமேன், ஊர் டீமுக்குக் கீப்பர். அன்றைக்கு எங்களை எதிர்த்து ஆடியது உப்பளத்து முதலாளியின் மகன் நடத்திய டீம், பேட்டைப் பிடித்து நின்றதும் அவனேதான். லாரியோடு போன எங்கள் ஆள் ஒருத்தன் திரும்பி வராததால் டீமில் ஒரு ஆள் குறைந்தது. ஐப்பசி மழை எந்த நேரமும் இறங்கும் என்று வானம் கறுத்துக் கிடந்தது. குவித்த உப்பை ஓலை போட்டு மூடுவதற்காக விடியுமுன்னே தொடங்கி மத்தியானம் தாண்டியும் கங்காணி பெண்களை விரட்டு விரட்டென்று விரட்டியிருந்தார். அந்த வேலையை முடித்துவிட்டு, வெடித்த பாதத்தில் உப்பு எரிய எரிய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சியை எங்கள் கேப்டன் வழிமறித்து, "ஏட்டி, ஒரு ஓவர் போட்டுட்டுப் போ" என்றான். சின்ன வயதிலிருந்தே எங்களோடு பந்தெறிந்து வளர்ந்தவள், நல்ல கை, யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத பெண். ஓடி வந்தாள், வீசினாள், வீசிய வேகத்தில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். பந்தும் நெஞ்சு உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

முதலாளி மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நோ பால்! பந்து வழியில நின்னா நோ பால், ரூல் இருக்கு."

அருளப்பன் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர், டியூபில் இல்லாத ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று எங்களுக்குள் கேலி. அவர் குனிந்து பந்தை உற்றுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பிறகு சொன்னார்: "நின்னாத்தான தம்பி நோ பால்? நல்லாப் பாருங்க, தையல் சுத்திக்கிட்டு இருக்கு. பந்து நிக்கல, வந்துக்கிட்டு இருக்கு."

"எப்ப வந்து சேரும்?"

"வரும்போது வரும். நீங்க கோட்ட விட்டு நகராதீய."

அவன் நகரவில்லை. நகர்ந்தால் அவுட். பேட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவன் நின்றான், கூட்டு வண்டியைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த அளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பவுண்டரியில் நின்றார்கள், அவன் ஜீப் வரும்வரை வரப்பில் நின்றே பழகியவர்கள், அவன் வந்து பார்த்துத் தலையாட்டும்வரை உப்பு வாரும் பலகையைக் கையிலிருந்து இறக்காதவர்கள், இன்றைக்கு அவன் நிற்பதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள், ஒருத்தி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு இன்னொருத்தியிடம், "பேட்டு கனமா இருக்குமோ?" என்று கேட்டாள். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது, அதன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அதை விரட்டக் கையைத் தூக்கிய அதே நேரம் பேச்சி நிமிர்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். பந்து புறப்பட்டு வந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

அதற்குப் பிறகு அவள் வீசிய பந்து ஒன்றுகூட நிற்காமல் வந்ததில்லை. ஒவ்வொன்றும் பாதி வழியில் இளைப்பாறியது, சிலது ஒரு டீ குடிக்கும் நேரம், சிலது ஒரு சட்டி மீனை ஆய்ந்து கழுவும் நேரம். ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. வந்துகொண்டிருக்கும் பந்தை யாரும் தொடக்கூடாது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை எழுப்பக்கூடாது என்பது மாதிரி. பேட் பிடிப்பவன் கோட்டை விடக்கூடாது, ஆனால் தண்ணீர் கேட்டால் எதிர் டீம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஃபீல்டர்கள் உட்காரலாம், கீப்பர் உட்காரவே கூடாது. இந்த விதியைப் போட்டவன் என் எதிரி. மகளிர் குழுக்காரிகள் தங்கள் கூட்டத்தை ஊர்ச் சாவடியிலிருந்து மைதானத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், பந்து நிற்கும் நேரத்தில் பேசி முடிக்காவிட்டால் பிறகு முடிகிறதே இல்லை என்றார்கள். ஒரு தடவை காகம் ஒன்று பந்தின் மேல் வந்து உட்கார்ந்தது, பந்து கிளம்பியபோது அதுவும் சேர்ந்து ஸ்டம்புவரை வந்தது, அவுட்டா இல்லையா என்று மழைக்காலம் முழுவதும் சண்டை நடந்தது. கோயில்காரர் வந்து பார்த்தார், சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து பார்த்தார், இரண்டு பேரும் டீ குடித்தார்கள், இரண்டு பேருமே இது எங்களுடையது இல்லை என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எப்படி நிற்கிறது என்று யாரும் பேச்சியிடம் கேட்கவில்லை. நாள் முழுக்க விரட்டப்படுகிற பெண்ணின் பந்து விரட்டினால் வராது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

எங்கள் பையன்கள் வீடியோ எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். உலகம் திரும்ப அனுப்பிய பதில் ஒன்றுதான்: நெட் சரியில்லை, வீடியோ பாதியில் நின்றுபோகிறது, திரும்ப அனுப்பவும். அத்தனை பேரில் சென்னையில் ஒரே ஒரு அம்மாதான் அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்திருக்கிறார். பந்து நிற்கிறது, ஆனால் பின்னால் ஒரு ஆடு நடந்துபோகிறது.

அந்த அம்மா பெயர் வைஜெயந்தி. பெண்கள் லீக்கில் கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி வருஷா வருஷம் அங்கேயே கிடக்கும் ஒரு டீமுக்கு ஊர் ஊராய்ப் போய் பௌலர் தேடுவது அவர் வேலை. தை மாதம் ஒரு சாயங்காலம் காரில் வந்து இறங்கினார், உப்பு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக என் பின்னால் வந்து நின்றார். பழைய கீப்பர், விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளைந்திருந்தன, பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை.

"நின்னு கிளம்பினப்புறம் ஸ்பீடு குறையுதா?"

"கூடும் மேடம்" என்றேன்.

"பேட்டைக் குடுங்க."

கோட்டில் போய் நின்றார். பேச்சி வீசினாள், பந்து வந்து நின்றது, அவர் காத்திருந்தார். எங்கள் ஆட்கள் எவனும் இரண்டாவது டீவரை தாங்கியதில்லை, இந்த அம்மா தோளைத் தளர்த்தவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. வெள்ளை உப்புப் பாத்திகள் மஞ்சளாகி, சிவப்பாகி, கொக்குகள் கூட்டமாகத் திரும்பிப்போகும்வரை நின்றார், பேச்சி இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்தபடி எதிரே நின்றாள். கடைசியில் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை மூடுவதற்குள் ஸ்டம்பு விழுந்தது.

"அதுக்கு என்னம்மா கணக்கு?" என்று அப்போதுதான் கேட்டார். "எப்ப கிளம்பும்?"

"எனக்கு மூச்சு வாங்கி முடிச்சதும் அது போவும் மேடம்" என்றாள் பேச்சி. "அவ்வளவுதான்."

மேடம் தலையாட்டினார். செலக்‌ஷனுக்கு வா, நீ நிச்சயம் உள்ளே என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பேச்சி என்னிடம் சொன்னாள், "எனக்கு இது வேணும் சுயம்பண்ணே. அம்மைக்குக் கண்ணு பாதிக்கு மேல போயிட்டு. அந்த வெள்ளையவே பாத்து பாத்து நானும் அப்படி ஆவ மாட்டேன். எனக்குப் புல்லுல ஓடணும்." அவள் அம்மா செல்லக்கனி எனக்குச் சித்தி முறை, உப்பு வெயில் கண்ணைத் தின்றது போக மிச்சம் இருப்பதைக் கொண்டு இன்னமும் பாத்தியில் இறங்குகிறவள். பேச்சி எதையாவது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாசியில் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். லீக் ஆட்டங்கள் எல்லாம் நடக்கும் மைதானம் அது, புல் அப்படி ஒரு பச்சை, பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நடந்தாள். கோச் தீனதயாளன் கையில் விசில் வைத்திருந்தார், எதைச் சொன்னாலும் கூடவே ஒரு 'சீக்கிரம்' சேர்த்துச் சொல்கிற மனுஷர், வணக்கத்தைக்கூட அவசரமாக வைத்தார். ரித்திகா என்று ஒரு பெண் பேட் பிடித்தாள், ஏற்கெனவே டீமில் இருப்பவள். பேச்சி ஷூ கட்டிக்கொண்டு ஓடி வந்து வீசினாள். பந்து வந்து நின்றது.

கோச் விசில் ஊதினார், பந்து அசையவில்லை. நோ பால் என்றார். அங்கிருந்த அம்பயர் இளைஞர், நேர்மையான ஆள், பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இல்ல சார், சுத்துது. வந்துக்கிட்டு இருக்கு" என்றார், அந்த வார்த்தையை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கோச் விறுவிறுவென்று நடந்து வந்தார், நாங்கள் 'தொடாதீங்க' என்று கத்துவதற்குள் பந்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார், காலை மடக்கிக் கொஞ்ச நேரம் தொங்கக்கூடச் செய்தார், வயசான மனுஷர் அப்படித் தொங்கியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"இங்க பாரும்மா" என்றார் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு. "உன் கை நல்ல கை. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா லீக்ல எல்லாம் டிவி மேட்ச். விளம்பரத்துக்கு நேரம் இருக்கு, ஓவர் முடிய நேரம் இருக்கு. இந்த நிக்கிற வேலையெல்லாம் விட்டுட்டு எல்லாரையும் மாதிரி போடு. இப்பவே சேத்துக்கறேன். சீக்கிரம் சொல்லு."

பேச்சி என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். நான் மனசுக்குள், சரி என்று சொல்லிவிடு புள்ள, சொல்லிவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்கு நான் வெட்கப்படவில்லை, அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"மூச்சு வாங்காம போடவும் எனக்குத் தெரியும் சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பதிமூணு வயசுலருந்து அளத்துல அப்படித்தான் வேல செய்யுதேன். அங்க என் கையி அவுகளுக்கு. இங்கயும் வந்து அதையே செய்யணும்னா நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் வாரேன்?"

"அப்போ அந்தப் பந்தையாவது அனுப்பு."

"எனக்கு இன்னும் மூச்சு வாங்கி முடியல சார்."

குனிந்து ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரமாய் வைத்துவிட்டு நடந்தாள். கோச் மேடத்தைப் பார்த்து, ஏதாவது சொல்லுங்கள் என்றார். "நான் தேடிக் கொண்டுவந்தது இந்தப் பந்தைத்தான் சார், வேற பந்து என்கிட்ட இல்ல" என்றார் மேடம். ரயிலில் பேச்சி ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள், அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பந்து அங்கேயே இருந்தது. முதலில் அதன்மேல் துணி போட்டு மூடினார்களாம், துணி வழுக்கி விழுந்துகொண்டே இருந்ததாம். பிறகு கயிறு, பிறகு கிரேன், கிரேனின் சங்கிலிதான் அறுந்தது. யாரும் அதில் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினார்கள். புல் வெட்டுகிறவர்கள் அதைச் சுற்றி வெட்டினார்கள், தண்ணீர் தெளிக்கிறவர்கள் அதற்கும் கொஞ்சம் தெளித்தார்கள், காலையில் நடைபயிற்சிக்கு வரும் பெரியவர்கள் அதைத் தொடாமல் வலம் வரத் தொடங்கினார்கள், முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டான், உப்பு லோடோடு சென்னைக்குப் போனபோது நானும் சுற்றிப் பார்த்தேன், எனக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை. பக்கத்துத் தெருவில் வேலையிலிருந்து திரும்பும் பெண்கள் வேலி ஓரம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவதாகவும், பிறகு அவர்கள் நடையில் அவசரம் குறைந்திருப்பதாகவும் மேடம் போனில் சொன்னார். லீக்கின் முதல் ஆட்டம் சித்திரையில், அதே மைதானத்தில், அதே பிட்ச்சில். அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசினார்கள், எப்படிப் பேசினாலும் அந்தப் பந்து வந்து சேராமல் அங்கே வேறு ஆட்டம் தொடங்க முடியாது என்பதில்தான் வந்து நின்றது.

பங்குனி வெயிலில் கோச் தீனதயாளன் எங்கள் அளத்துக்கே வந்துவிட்டார். பேச்சி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள், அவர் பளபளப்பான ஷூவோடு வரப்பில் நின்றார், நிழல் என்று சொல்ல அங்கே ஒரு செடிகூடக் கிடையாது.

"அம்மா, ஒரு நிமிஷம் வா" என்றார்.

"இந்தப் பாத்திய முடிச்சிட்டு வாரேன் சார், நில்லுங்க."

அவர் நின்றார். கங்காணி ஓடிவந்து 'ஏட்டி, பெரிய மனுஷர் வந்திருக்காரு' என்று கத்தப் போக, கோச்சே கையைக் காட்டி அவரை அடக்கினார். அவள் பலகையை இழுத்தாள், உப்பு கரையேறியது, அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார், மற்ற பெண்கள் வேலை செய்கிற மாதிரி வேலை செய்துகொண்டே அவரையே பார்த்தார்கள், செல்லக்கனிச் சித்தி தண்ணீர் சொம்போடு வழியைத் தடவித் தடவி வந்து கொடுத்து, "கண்ணு கூசுதா? நாலு வருசத்துல பழகிரும்" என்றாள். நிற்கிற நேரத்தில் மனுஷர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் லாரி மேலிருந்து பார்த்தேன். ஏதோ ஒரு கட்டத்தில் அவர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பேச்சி கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"வந்து டீம்ல சேந்துக்கோம்மா" என்றார் அவர். அந்த 'சீக்கிரம்' வரவில்லை.

"என் பந்து நிக்கும் சார்."

"நிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"அந்த ரித்திகாவத்தான் நிறுத்தணும். அது அவளுக்குப் போட்ட பந்து."

சித்திரையில் அளத்துப் பெண்கள் அத்தனை பேரும் லீவு சொல்லாமலே லீவு எடுத்தார்கள், எங்கள் லாரி ஒன்றில் தார்ப்பாய் கட்டி சென்னைக்கு வந்து இறங்கினார்கள். கங்காணி யாரை விரட்டுவது என்று தெரியாமல் தனியாகப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், நின்றிருக்கட்டும். கடைசி இடத்து டீமின் ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் யாரும் பார்த்ததில்லை, எல்லாம் பந்தைப் பார்க்க வந்த கூட்டம். பேச்சிக்கு வேலை சுலபமில்லை, டீமுக்குள்ளேயே இரண்டு மூன்று பெண்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புல்லில் அவள் நடந்துவந்த நடையில் அது தெரியவில்லை. ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பழைய பந்தை முடிப்பதற்காகக் கம்பைப் பிடுங்கிச் சிவப்புத் துணியை எடுத்தார்கள். ரித்திகா கோட்டில் நின்றாள், கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள், பயந்திருந்தாள், ஆனால் நின்றாள். அம்பயர் கையை இறக்கினார். பேச்சி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வெளியே விட்டாள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே அது கேட்ட மாதிரி இருந்தது. மாசியிலிருந்து வந்துகொண்டிருந்த பந்து வந்து சேர்ந்தது, ஆஃப் ஸ்டம்பு பிய்த்துக்கொண்டு கீப்பரையும் தாண்டிப் போய் விழுந்தது.

கூட்டம் போட்ட சத்தம் அடங்கும் முன்பே ஆட்டம் தொடங்கி எதிர் டீமின் முதல் ஆள் வந்துவிட்டாள், பேச்சி அடுத்த பந்தைப் போட்டுவிட்டாள். அது பாதி வழி வந்து நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரும் ரசித்தார்கள். பிறகு கேலரியில் முனகல் கிளம்பியது, செருமினார்கள், போனைப் பார்த்தார்கள், மேலே கண்ணாடி அறையில் கோட்டுப் போட்டவர்கள் கையைக் கையை ஆட்டினார்கள், எங்கோ ஒருத்தன் எழுந்து, "சீக்கிரம் போடும்மா!" என்று கத்தினான். கீழே கோச் தீனதயாளன் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வைஜெயந்தி மேடமும் உட்கார்ந்தார், அவர்களைப் பார்த்துக் கேலரியின் முனகலும் மெல்ல அடங்கியது. பேச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள், அவள் நெஞ்சு ஏறி இறங்கியது.

என் பக்கத்தில் செல்லக்கனிச் சித்தி என் கையைச் சுரண்டினாள். "என்னடே சத்தத்தையே காணோம்? பந்து போயிட்டா?"

"இன்னும் இல்ல சித்தி. வந்துக்கிட்டு இருக்கு."

"எல்லாரும் என்ன செய்யுதாவ?"

"காத்துக்கிட்டு இருக்காவ."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

சித்தி செருப்பைக் கழற்றிக் காலை மேலே தூக்கி நாற்காலியில் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"காத்திருக்கட்டும்" என்றாள். "எம்மவ மூச்சு வாங்கட்டும்."